டாக்டரம்மாவிடம் சொன்னது

யூனோ என்கிற உலக சபைக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தங்கையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜாசின் வட்டாரத்தில் எத்தனையோ தோட்டம் இருக்க, பாலத்தடித் தோட்டத்தையல்லவா பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்! பல தேசத்து டாக்டர்கள் ஒன்றுசேர்ந்து மலாயா முழுக்கச் சுற்றி வருகிறார்களாம். கைக்குழந்தையும் வேண்டாம், கிழடுகட்டையும் வேண்டாம். வளர்கிற வயசில் நிற்கிற பிள்ளைகளை மட்டும்தான் பார்ப்பார்களாம். அதுகள் என்ன தின்கிறது, எதனால் சோர்ந்து விழுகிறது என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்து அரசாங்கமும் வெளிநாட்டாரும் கூடிப் பேசி, எந்தத் தோட்டத்துக்குப் பால்மாவு, எந்தத் தோட்டத்துக்குப் பெண் நர்ஸ் என்று முடிவு கட்டுவார்களாம்.

பெண்பிள்ளைகளைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வருவதாக ஏற்பாடு. அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸ்ஸருக்கு இரண்டும் அரைகுறையாகத் தெரியும், ஆனால் அவர் மீசை வைத்த ஆண்பிள்ளை. தோட்டத்து மானேஜரான துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிராணி, உன் மகள் மலாக்காவில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள்தானே?" என்று கேட்டார். அன்று மத்தியானம் தங்கையா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அந்த மகள் கமலவேணி. படிப்பை முடித்துவிட்டு மேட்டு வீட்டில் சும்மா இருந்தாள். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள், அவள் அதைத் திருத்தியதில்லை. லயத்துப் பக்கம் அவள் இறங்குவதே தீமிதித் திருவிழாவுக்கு மட்டும்தான். அப்போதும் சேலை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

"இங்க பாரும்மா, தொரையும் வந்து நிப்பாரு," என்று தங்கையா மகளுக்குப் பாடம் சொன்னார். "இதுங்க வாய்க்கு வந்தத உளறும். சோறு பத்தல, கேட்டுல தடவுறாங்க, அது இதுன்னு. எல்லாத்தையும் அப்படியே இங்கிலீஷ்ல கொட்டிடாத. தோட்டத்து மானம் போயிரும்."

"தெரியும்ப்பா. நான் பாத்துக்கறேன்."

சோறு பற்றாததும் கேட்டில் தடவுவதும் பொய்யில்லை. அவசரகாலச் சட்டம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு கொண்டுபோக விடுவதில்லை. விடிந்தும் விடியாமலும் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் திரும்பி வரும்வரை வெறும் வயிறுதான். ஆண்களை மாத்தாமாத்தா என்கிற போலீஸ்காரன் தடவுவான். பெண்களைத் தடவுவதற்குத் தெங்கேராவிலிருந்து சகீனா என்ற அம்மாள் சம்பளத்துக்கு வந்திருந்தாள்.

சோதனை நாளன்று பிள்ளைக் கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள். நடுவில் கயிறு கட்டி இரண்டு சாரோங்கைத் தொங்கவிட்டதுதான் மறைப்பு. மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் வரிசை, அவர்களின் தாய்மார், நாற்காலியில் துரை, பக்கத்தில் தங்கையா. வேலையாட்களை மேய்க்கும் ராமையா மண்டோர் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற அதே குரலில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். இந்தப் பக்கம் டாக்டர் லார்சன் என்ற டென்மார்க் தேசத்து அம்மாள், ஒரு தராசு, கமலவேணி.

டாக்டரம்மா நல்ல மனுஷி. பிள்ளைகளின் கையைத் தானே பிடித்துத் தராசில் ஏற்றினார், நாக்கை நீட்டச் சொல்லித் தானும் நீட்டிக் காட்டிச் சிரிக்க வைத்தார். உயரம், எடை, பல், கண் எல்லாம் சுலபமாகப் போனது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை நாள் இருக்கிறது, அதிகமாகப் போகிறதா என்று கேளுங்கள்."

கமலவேணிக்குக் காது மடல் சுட்டது. இங்கிலீஷில் அந்தச் சங்கதி பாடப்புத்தகத்துச் சங்கதி. தமிழில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. வீட்டில் அம்மா 'தூரம்' என்பாள், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். இரண்டு சாரோங்குக்கு அப்பால் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவர் செருமுவது கேட்கிறது. ராமையா வெற்றிலை துப்புவது கேட்கிறது. அங்கே துப்புவது இங்கே கேட்டால், இங்கே பேசுவது அங்கே கேட்காதா?

உள்ளே வந்திருந்த முதல் பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கு... மாசா மாசம் தலைவலி, காய்ச்சல், ஏதாவது வருதா?" என்றாள் கமலவேணி.

"இல்லக்கா."

"ஒழுங்காக இருக்கிறதாம், டாக்டர். தொந்தரவு இல்லையாம்."

அவ்வளவுதான். முதல் பொய்க்குத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்தது வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்கடுத்த பிள்ளைக்குத் தலைவலியைக்கூடக் கேட்காமல், "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டாள். நல்லா இருக்கியா என்று கிராணி மகள் கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? டாக்டரம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். இந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு இந்த விஷயத்தில் குறையே இல்லை போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

குஞ்சம்மாவின் பேரைக் கூப்பிட்டபோது வெயில் ஏறியிருந்தது. பதினாறு வயசுப் பெண். தாய் அன்னம்மாவும் அவளும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறார்கள். ராமையாவின் அக்காள் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தது, தை பிறந்ததும் கல்யாணம். உள்ளே வந்தவள் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ரொம்ப வெளுத்திருக்கிறாள். இவளிடம் நன்றாகக் கேளுங்கள். இரத்தம் எத்தனை நாள் போகிறது?"

கமலவேணி வாயைத் திறக்குமுன் குஞ்சம்மாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"அக்கா, அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்றீங்களா? எனக்கு நிக்கவே மாட்டேங்குதுக்கா. மாசத்துல பாதி நாளு போயிக்கிட்டே இருக்கு. அம்மா கசாயம் வச்சுக் குடுத்துப் பாத்துச்சு, கேக்கல. டிரஸ்ஸர் ஐயாகிட்ட எப்படிச் சொல்றது? பொம்பள டாக்டரு வராங்க, வெக்கப்படாம சொல்லிருன்னு அம்மாதான் சொல்லிச்சு. மரம் வெட்டறப்போ கண்ணு இருட்டுதுக்கா."

ஒரு லயத்துப் பிள்ளை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டது. சொல்ல வேண்டியதை முழுசாக, வரிசையாக, அழாமல் சொல்லிவிட்டது. அதை இன்னொரு பாஷையில் சொல்வது ஒன்றுதான் கமலவேணிக்கு வேலை.

மறைப்புக்கு அந்தப் பக்கம் ராமையா செருமினார்.

"விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போவதால் அசதியாக இருக்கிறதாம், டாக்டர்," என்றாள் கமலவேணி.

"இரத்தப் போக்கு?"

"அதெல்லாம் சரியாக இருக்கிறதாம்."

"நிச்சயமாகவா? எங்கள் வேன் சாயங்காலம் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. அப்படி ஏதாவது இருந்தால் இவளை இப்போதே கூட்டிக்கொண்டு போய்விடலாம்."

"அப்படி ஒன்றும் இல்லை, டாக்டர்."

கல்யாணம் பேசிய பெண், விஷயம் வெளியே தெரிந்தால் மண்டோர் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள், அவளுடைய நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று கமலவேணி பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த நினைப்பு ராத்திரி படுத்த பிறகு வந்தது. அந்த நேரத்தில் வந்தது வெறும் கூச்சம். அப்பாவின் காதில் அந்த வார்த்தை தன் குரலில் விழக்கூடாது என்பதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். அப்படியானால் வயிற்றுப் பூச்சியாகத்தான் இருக்க வேண்டும், தோட்டத்தில் அது சகஜம் என்று சொல்லி, பூச்சி மருந்தை அங்கேயே குடிக்க வைத்து, ஒரு சிறு புட்டியில் சத்து மாத்திரையும் கொடுத்தார். குஞ்சம்மா புட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன்."

"என்னக்கா சொன்னாங்க?"

"மாத்திரை குடுத்திருக்காங்கள்ல, தெனம் ஒண்ணு சாப்பிடு."

"சரிக்கா. நீங்க நல்லா இருக்கணும்கா," என்று சொல்லிவிட்டு மறைப்பை விலக்கிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் அன்னம்மா மகளின் முகத்தைப் பார்த்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது சாரோங் இடுக்கில் தெரிந்தது.

அன்று டாக்டரம்மா போகும்போது துரைக்குக் கை கொடுத்தார், தங்கையாவுக்கும் கொடுத்தார். உங்கள் மகள் இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது என்றார். மலாக்கா டவுனில் இளைஞர் மாநாடு ஒன்று நடக்கப் போகிறது, சிலோன், பர்மா, பிலிப்பைன் தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், தோட்டத்துப் பெண்களின் ஆரோக்கியத்தைப் பற்றித் தோட்டத்துப் பெண்ணே பேசினால் நன்றாக இருக்கும், கமலவேணி பேசுவாளா? அதுவரை தான் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில்தான் இருப்பதாகவும் சொன்னார். பேசுவாளாவா? தங்கையா மகளைக் கேட்கவேயில்லை, "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று அவரே தலையாட்டினார்.

சில வாரத்தில் முடிவும் வந்தது. பெண் நர்ஸ் வேறொரு தோட்டத்துக்குப் போனாள். பாலத்தடித் தோட்டத்துப் பெண்களுக்கு அப்படியொன்றும் அவசரம் இல்லையாம். தங்கையா இதைப் பரிசு வாங்கியதுபோல ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகளுக்குத் தெங்கேராவில் துணி எடுத்தார். கமலவேணி கண்ணாடிமுன் நின்று பேச்சை ஒப்பித்துப் பார்த்தாள். 'எங்கள் பெண்கள் வாயில்லாப் பூச்சிகள்' என்று ஓரிடத்தில் வரும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்குத் தொண்டை அடைத்தது. பேச்சு உருக்கமாக இருப்பதால்தான் அடைக்கிறது என்று அம்மா பூரித்துப்போனாள்.

குஞ்சம்மாவோ மாத்திரையை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டு வந்தாள். நிற்கவில்லையே என்று அன்னம்மா கவலைப்பட்டபோது, "கமலவேணி அக்கா எல்லாத்தையும் சொல்லித்தான்மா வாங்கிக் குடுத்திருக்காங்க, கொஞ்சம் பொறு," என்று தாயைத் தேற்றினாளாம். இது அக்கம்பக்கத்து வாய் வழியாக மேட்டு வீட்டுக்கும் வந்தது. கமலவேணி கேட்டுக்கொண்டாள். ஒரு நடை இறங்கிப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கலாம், போகவில்லை. பார்த்தால் என்ன சொல்வது?

மாநாட்டு நாள் காலையில் தங்கையா வாடகைக் கார் பிடித்திருந்தார். கேட் திறக்கும் நேரம். பால் வாளியும் கையுமாகப் பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. கார் ஓரமாக நின்றது. கமலவேணி பட்டுச்சேலை கசங்காமல் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

சகீனா குஞ்சம்மாவின் இடுப்பைத் தடவியதும் கை நின்றது.

"என்னா புள்ள இது? இவ்ளோ தடிப்பா? அரிசியா?"

குஞ்சம்மா இடுப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாத்தாமாத்தாவும் திரும்பிப் பார்த்தான்.

"வாயில என்னா கொழுக்கட்டையா? சொல்லுலா!" என்று அதட்டி, அவளைக் கோணித் தடுப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள் சகீனா. திரும்பி வந்தபோது சகீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. குஞ்சம்மாவை அவள் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"யா அல்லாஹ், துணி மேல துணியா வச்சுக் கட்டியிருக்கு. எல்லாம் நனைஞ்சு போயிருக்கு. எத்தன நாளாம்மா இப்படி?"

"டாக்டரம்மா மாத்திர குடுத்திருக்காங்க," என்றாள் குஞ்சம்மா. "அக்கா சொல்லித்தான்..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அன்னம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

சகீனா காரைப் பார்த்தாள். "நீங்கதானேம்மா அன்னிக்கு இங்கிலீஷ் பேசினது? இதுக்கு டாக்டரம்மா என்னாதான் சொன்னாங்க?"

அத்தனை பேரும் கமலவேணியைப் பார்த்தார்கள். ராமையாவும் பார்த்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

"கார்ல ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்."

"மீட்டிங்குக்கு நேரமாச்சும்மா," என்றார் தங்கையா பல்லைக் கடித்துக்கொண்டு. "லோரில அனுப்பிக்கலாம்."

"ஏத்துங்க."

அந்தப் பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. கிராணி மகள், பட்டு கட்டியிருக்கிற பிள்ளை, பாழாகிவிடுமே என்றுகூடப் பார்க்காமல் மடியில் தலையை வைத்துக்கொள்கிறாளே! நீ நல்லா இருப்பே தாயி என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் கமலவேணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்னம்மாவும் ஏறிக்கொண்டாள், கார் கிளம்பியது. பாதி வழியில் குஞ்சம்மா கண்ணைத் திறந்து, "ஒங்க பட்டு வீணாப் போச்சேக்கா," என்றாள். கமலவேணியால் அவளைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லார்சன் அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். குஞ்சம்மாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். இரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்ல, ஒரு நர்ஸ் அதற்காக ஓடினாள். டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து கமலவேணியைப் பார்த்தார். ஒரு பக்கம் அன்னம்மா, வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையா. இங்கே மறைப்பு எதுவும் இல்லை.

"எத்தனை நாளாக இப்படிப் போகிறது என்று கேளுங்கள்."

கமலவேணி தமிழில் கேட்டாள். அப்பாவின் காதுபடக் கேட்டாள். "குஞ்சம்மா, ஒனக்குத் தூரமாகி ரத்தம் எத்தன நாளாப் போகுது? எவ்வளவு போகுது?" அவ்வளவு லேசான கேள்வி. வாசலில் அப்பாவின் தலைமேல் இடி விழுந்துவிடவில்லை, அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குஞ்சம்மா சொன்னாள். அன்று சொன்னதையே, அதே வரிசையில் சொன்னாள். கமலவேணி ஒரு சொல்லையும் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டரம்மா மேலும் மேலும் கேட்டார். எப்போதிலிருந்து? கட்டியாகப் போகிறதா? கண் இருட்டுகிறதா? குஞ்சம்மாவின் நெற்றி சுருங்கியது.

"அக்கா, இதெல்லாம்தானே அன்னிக்கும் சொன்னேன்? நீங்ககூடச் சொல்லிட்டேன்னீங்களே? டாக்டரம்மா ஏன் இப்பத்தான் கேள்விப்படற மாதிரி கேக்கறாங்க?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டாக்டரம்மா.

தண்ணீர் கேட்கிறாள் என்று ஒரு பதில் கமலவேணியின் வாய்க்குள் தயாராக வந்து நின்றது. பழகிய நாக்கல்லவா. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் அன்றைக்கே என்னிடம் சொன்னாளாம். உங்களிடம் சொல்லிவிட்டதாக நான் அவளிடம் சொன்னேனாம். ஏன் நீங்கள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறீர்கள் என்கிறாள்."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் வெகு மெதுவாகத்தான் கேட்டார்.

"மற்றப் பிள்ளைகள்?"

"அவர்களை நான் கேட்கவேயில்லை, டாக்டர்."

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் குஞ்சம்மா.

கமலவேணி கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பட்டிலிருந்த கறை காய்ந்து மொரமொரத்தது.

"அன்னிக்கு நான் சொல்லல, குஞ்சம்மா. நீ சொன்ன எதையும் நான் அவங்ககிட்ட சொல்லல. ஒனக்கு அசதின்னு மட்டும்தான் சொன்னேன்."

அன்னம்மாவின் கை மகளின் தலையை வருடிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. குஞ்சம்மா திட்டவில்லை, அழவில்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவள்போலத்தான் கேட்டாள்.

"அப்ப நான் தெனம் சாப்பிட்டேனே, அந்த மாத்திர எதுக்குக்கா?"

டாக்டரம்மா குனிந்து, "இப்போது என்ன கேட்கிறாள்?" என்றார்.

கமலவேணி அதையும் இங்கிலீஷில் சொன்னாள்.